ஏலம் கேட்க ஆளில்லை!

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)

தோழர்களே!

சென்ற கூட்டம் முடிந்து ஜமக்காளத்தை மடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு தோழர் என்னிடம் வந்தார். அறுவடைக் கூலிக்குப் போகிறவர். "தோழர், கடன்பட்ட விவசாயியோட நிலம் ஏலத்துக்குப் போகக் கூடாதுன்னு பேசினீங்க. எனக்கும் என் தகப்பனுக்கும் ஒரு குழி நிலம் கிடையாது. நிலம் அவர் கையிலே இருந்தா என்ன, பாங்குக்காரன் கையிலே போனா என்ன? நான் குனிஞ்சு அறுக்க வேண்டியவன்தானே?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற ஆலைத் தொழிலாளி ஒருவரும், "எனக்கும் அதே யோசனைதான்" என்றார்.

நியாயமான கேள்வி. கடைசி பஸ் வந்துவிட்டபடியால் இரண்டு வார்த்தையில் ஏதோ சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. இன்று முழுப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அதற்காக உங்களைக் கொஞ்ச தூரம் அழைத்துப் போகப் போகிறேன். தொண்ணூறு வருஷத்துக்கு முந்திய அமெரிக்காவுக்குப் போவோம். கோடீஸ்வரர்களின் தேசம் என்று பெயர் வாங்கிய நாடு அது. அங்கேதான் லட்சக்கணக்கான உழவர்களின் நிலம் சுத்தியலடியில் போயிற்று. அந்த ஏலத்தை வாயடைக்கச் செய்யும் வழியையும் அங்கேயே சில சாதாரண உழவர்கள் கண்டுபிடித்தார்கள். அவர்கள் ஜெயித்ததிலிருந்தும் படிக்கலாம், தவறியதிலிருந்தும் படிக்கலாம்.

கடன் எப்படிக் கழுத்துக்கு ஏறியது?

அமெரிக்காவின் நடுப்பகுதியில் நெப்ராஸ்கா, ஐயோவா, மின்னசோட்டா, வடக்கு டகோட்டா என்று மாகாணங்கள் இருக்கின்றன. சோளமும் கோதுமையும் விளைகிற சமவெளி. 1862-ல் போடப்பட்ட குடியேற்றச் சட்டத்தின்படி, போய்க் குடியிருந்து ஐந்து வருஷம் உழுதவருக்கு 160 ஏக்கர் சொந்தம் என்றார்கள். அந்த நிலம் அதற்கு முன் ஆளில்லாமல் கிடந்ததா? இல்லை. செவ்விந்தியர்கள் என்று அழைக்கப்பட்ட ஆதிகுடிகளைத் துரத்திவிட்டுப் பிடுங்கிய நிலம் அது. இந்த உண்மையை மறைத்துவிட்டுக் கதை சொல்வது நமக்குத் தகாது.

160 ஏக்கர் என்றதும் நம்மூர்ப் பண்ணையாரை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது வானத்தை நம்பிய பூமி. அப்பனும் பிள்ளைகளும் குதிரை கட்டி உழுவார்கள். அம்மாள் மாடு கறப்பாள், கோழி வளர்ப்பாள், வெண்ணெய் எடுப்பாள். குடும்பம் முழுவதும் உழைத்தால்தான் அடுப்பு எரியும்.

1914-ல் முதல் உலக யுத்தம் வந்தது. ஐரோப்பாவுக்குத் தானியம் வேண்டும், இன்னும் விளைவியுங்கள் என்று சர்க்கார் தூண்டியது. கோதுமை விலை ஏறியது. 1919-ல் ஒரு புஷல் கோதுமை இரண்டு டாலருக்கு மேல் விற்றது. ஒரு புஷல் என்பது சுமார் 27 கிலோ. பாங்குக்காரரும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரரும் வீடு தேடி வந்து கடன் கொடுத்தார்கள். உழவர்கள் உச்ச விலைக்கு நிலம் வாங்கினார்கள், இயந்திரம் வாங்கினார்கள், எல்லாவற்றுக்கும் நிலத்தை ஈடு வைத்தார்கள்.

யுத்தம் முடிந்தது. 1920-க்குப் பிறகு விலை சரிந்தது. 1929-ல் பங்குச் சந்தை விழுந்து, முதலாளித்துவ உலகம் முழுவதும் நெருக்கடியில் மாட்டியது. 1932-ல் ஒரு புஷல் கோதுமைக்கு உழவனுக்குக் கிடைத்தது சராசரி 38 சென்ட். ஒரு டாலருக்கு நூறு சென்ட். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷம் நூறு டாலர் கட்ட வேண்டிய ஒருவர் 1919-ல் ஐம்பது புஷலுக்கும் குறைவாக விற்றுக் கட்டிவிடலாம். அதே நூறு டாலருக்கு 1932-ல் 260 புஷலுக்கு மேல் அளக்க வேண்டும். கடன் பத்திரத்தில் எழுதிய தொகை ஒரு சென்ட்கூட ஏறவில்லை. ஆனால் அதை அடைக்க வேண்டிய மூட்டை ஐந்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது! உழவன் சோம்பேறி ஆனானா? குடித்து அழித்தானா? அதே நிலம், அதே உழைப்பு, அதே விளைச்சல். மாறியது விலை ஒன்றுதான்.

நிலத்தைக் காப்பாற்ற அந்தக் குடும்பங்கள் செய்யாதது இல்லை. நிலக்கரி வாங்கக் காசில்லாமல், விற்றால் கட்டுபடியாகாத மக்காச்சோளத்தையே அடுப்பிலே போட்டு எரித்தார்கள். முட்டை விற்ற காசில் வரி கட்டினார்கள். கறவை மாட்டை விற்றார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினார்கள். இன்னும் அதிகமாக விதைத்தார்கள். ஆனால் எல்லோரும் அதிகமாக விதைத்தால் விலை இன்னும் இறங்கும், இறங்கியது. தனித்தனிக் குடும்பம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேமித்த காசு இந்தப் பள்ளத்தை நிரப்பவில்லை. 1933-ம் வருஷத்தில் ஆயிரம் பண்ணைகளுக்கு நாற்பது பண்ணை வீதம் கடனுக்காகக் கட்டாய விற்பனைக்குப் போயிற்று. ஒரே வருஷத்தில்!

ஏலத்தின் உயிர் எங்கே இருக்கிறது?

இனி ஏலம் நடக்கிற விதத்தைப் பாருங்கள். கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போவார். கோர்ட் உத்தரவு போடும. நம்மூர் அமீனா மாதிரி அங்கே ஷெரீப் வருவார். நாள் குறித்து விளம்பரம் செய்வார்கள். குதிரை, மாடு, கலப்பை, இயந்திரம் எல்லாவற்றையும் களத்திலே கொண்டுவந்து நிறுத்துவார்கள். நிலத்தின் ஏலம் பெரும்பாலும் கோர்ட்டு வாசலில் நடக்கும். ஏலம் போடுகிறவர் கூவுவார். அதிகம் கேட்டவருக்குச் சொந்தம்.

கேட்கிறவர் யார்? டவுன் வியாபாரி வருவார், தரகர் வருவார். பல சமயம் கேட்கிறவர் பக்கத்து வீட்டுக்காரராகவும் இருப்பார்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. என் தகப்பனாருக்கு ஒன்றேகால் ஏக்கர் நஞ்சை இருந்தது. கடனுக்காக அது கோர்ட் ஏலத்துக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். ஏலத்தில் எடுத்தவர் எங்கள் வாய்க்காலிலேயே தண்ணீர் பாய்ச்சியவர், எங்கள் வீட்டு விசேஷங்களில் பந்தி பரிமாறியவர். அவர் கெட்டவர் அல்ல. "நான் எடுக்காவிட்டால் வேறொருவன் எடுப்பான்" என்று என் தகப்பனாரிடமே வந்து சொன்னார். என் தகப்பனாரும் தலையை ஆட்டினார். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அவருடைய நிலமும் அதே கோர்ட்டு வாசலுக்கு வந்தது. அன்றைக்குக் கேட்டவர் டவுன்காரர். இன்று அந்த இரண்டு நிலத்திலும் மனைக்கட்டுக் கற்கள் நிற்கின்றன.

"நான் எடுக்காவிட்டால் வேறொருவன் எடுப்பான்." இந்த வார்த்தையை ஆலைத் தோழர்கள் எங்கே கேட்டிருக்கிறீர்கள்? வேலைநிறுத்தம் நடக்கும்போது கேட் வழியாக உள்ளே போகிறானே, அவன் சொல்கிற வார்த்தை அது! அவனுக்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? கருங்காலி என்கிறீர்கள். முதலாளியிடம் போலீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, பணம் இருக்கிறது. ஆனாலும் கருங்காலி கிடைக்காவிட்டால் நூல் ஓடாது. அதே மாதிரிதான் ஏலமும். உத்தரவு இருக்கிறது, ஷெரீப் இருக்கிறார், சுத்தியல் இருக்கிறது. ஆனாலும் கேட்க ஒரு வாய் திறக்காவிட்டால் ஏலம் செத்துப்போகும்.

இதை நெப்ராஸ்கா உழவர்கள் கண்டுகொண்டார்கள். 1931-ல் அந்த மாகாணத்தின் மாடிசன் ஜில்லாவில் ஒரு விதவைத் தாயின் பண்ணைச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அக்கம்பக்கத்து உழவர்கள் கூட்டமாக வந்து களத்தில் நின்றார்கள். முதல் கேள்வி ஐந்து சென்ட்! அதற்கு மேலே யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த சாமான், இன்னொரு சில்லறைக் கேள்வி. இப்படியே ஏலம் முடிந்து மொத்தம் சேர்ந்த பணம் 5 டாலர் 35 சென்ட். அதைக் கடன்காரரின் ஆளிடம் கொடுத்தார்கள். எடுத்த சாமான் அத்தனையையும் அந்த அம்மாளிடமே திருப்பி ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

பிறகு இது சுற்றுவட்டாரமெல்லாம் பரவியது. 'பென்னி ஏலம்' என்று பெயரே வந்துவிட்டது. நம் பேச்சில் சொன்னால் காலணா ஏலம். நூறு பேர், ஐந்நூறு பேர் என்று வருவார்கள். விவரம் தெரியாத வெளியூர்க்காரர் விலையை ஏற்றினால், இரண்டு பேர் போய் அவர் தோளோடு தோள் நெருங்கி நிற்பார்கள். அவருக்குச் சட்டென்று தொண்டை கட்டிக்கொள்ளும். சில இடங்களில் களஞ்சியத்தின் உத்திரத்தில் ஒரு சுருக்குக் கயிறும் தொங்கும். குதிரை பத்து சென்ட், பசு ஐந்து சென்ட், கலப்பை ஐந்து சென்ட்! கோர்ட் சொன்னபடி ஏலமும் நடந்துவிட்டது. சாமானும் வீட்டை விட்டுப் போகவில்லை.

களத்திலிருந்து சட்டசபைக்கு

இத்தோடு நின்றிருந்தால் இது ஒரு சுவையான கதையாக முடிந்திருக்கும். காலணா ஏலம் மாட்டையும் கலப்பையையும் காப்பாற்றியது. நிலத்தின் மீதான ஈடு அப்படியே இருந்தது. கோர்ட்டில் நடக்கும் நில ஏலத்தை ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு நாளும் கூட்டம் போட்டுத் தடுத்துக்கொண்டிருக்க முடியுமா? ஆகவே அவர்கள் சட்டத்தைக் குறி வைத்தார்கள்.

1932 மே மாதம் ஐயோவாவில் மைலோ ரெனோ என்பவரின் தலைமையில் 'உழவர் விடுமுறைச் சங்கம்' என்று ஒன்று அமைந்தது. விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை, நாங்களும் விடுமுறை எடுக்கிறோம் என்றார்கள். ஆகஸ்டில் சூ சிட்டி நகரத்துக்குப் போகும் ரோடுகளை மறித்தார்கள். பால் வண்டிகளைக் கவிழ்த்தார்கள். ரெனோ கம்யூனிஸ்டு அல்ல. கம்யூனிஸ்டுகளோடு அவருக்குச் சச்சரவும் உண்டு. நெப்ராஸ்காவிலும் டகோட்டாவிலும் கம்யூனிஸ்டு உழவர்கள் தனியாகவும் ஊர் ஊராகவும் வேலை செய்தார்கள். எழுபது வயதான எல்லா ரீவ் புளூர் என்ற பெண் தோழர் அங்கேயே தங்கி உழவர்களைத் திரட்டினார். 'மதர் புளூர்' என்று, தாய் என்றே அவரை அழைத்தார்கள்.

1933 பிப்ரவரியில் நெப்ராஸ்காத் தலைநகரான லிங்கனில் ஆயிரக்கணக்கான உழவர்கள் சட்டசபைக் கட்டடத்துக்கு ஊர்வலம் போனார்கள். அதற்கு முன்பே, ஜனவரி இறுதியில், பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சில ஐயோவாவில் ஜப்தியை நிறுத்தி வைப்பதாகத் தாமாகவே அறிவித்துவிட்டன. இரக்கம் வந்துவிட்டதா அவர்களுக்கு? கேட்க ஆளில்லாத நிலத்தை ஏலம் விட்டு என்ன லாபம் என்ற கணக்குத்தான்!

அந்த வருஷமே மாகாணம் மாகாணமாக ஏலத்தை நிறுத்தும் சட்டங்கள் வந்தன. மின்னசோட்டாவில் உழவர்–தொழிலாளர் கட்சியைச் சேர்ந்த பிளாய்டு ஆல்சன் கவர்னராக இருந்தார். அவர் முதலில் உத்தரவு போட்டு நிறுத்தினார். ஏப்ரலில் சட்டமே வந்தது. கடன்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். ஒப்பந்தம் புனிதமானது, அதில் சர்க்கார் கைவைக்கலாமா என்று வாதாடினார்கள். 1934 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் சட்டம் செல்லும் என்றார்கள். நாலு பேர் செல்லாது என்றார்கள். ஒரே ஒரு ஓட்டு!

நாடு முழுவதற்குமாக 1934 ஜூனில் பிரேசியர்–லெம்கே சட்டம் வந்தது. கடன் கட்ட முடியாத உழவரை ஐந்து வருஷம் வரை நிலத்தைவிட்டு வெளியேற்றாமல் இருக்க அது வழி செய்தது. 1935 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளியது. சும்மா இருந்தார்களா? மூன்றே மாதத்தில், ஐந்து வருஷத்தை மூன்றாக்கித் திருத்திய சட்டம் மறுபடி வந்தது. 1937-ல் அதே நீதிமன்றம் அது செல்லும் என்றது. களத்தில் வாயை மூடிக்கொண்டு நின்ற உழவன்தான் சட்டசபையின் வாயைத் திறக்க வைத்தான்.

ஜட்ஜின் கழுத்தில் கயிறு

தவறியதையும் சொல்ல வேண்டும்.

1933 ஏப்ரல் 27. ஐயோவாவில் லெ மார்ஸ் என்ற ஊர். ஜப்தி வழக்குகளை விசாரித்துக்கொண்டிருந்த ஜட்ஜ் பிராட்லியைக் கோர்ட்டிலிருந்தே ஒரு கூட்டம் இழுத்துப் போனது. இனி ஜப்தி உத்தரவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சத்தியம் செய் என்றார்கள். அவர் மறுத்தார். கழுத்தில் கயிற்றை மாட்டினார்கள். கடைசியில் உயிரோடு விட்டுவிட்டார்கள். மறுநாள் பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். கவர்னர் ராணுவச் சட்டம் போட்டுப் பட்டாளத்தை அனுப்பினார். பலர் கைதானார்கள். அனுதாபத்தோடு இருந்த டவுன் ஜனங்கள் ஒதுங்கினார்கள்.

நிலம் போகிறவனுடைய கோபம் நமக்குப் புரியாததல்ல. ஆனால் நெப்ராஸ்காக் களத்தில் ஐந்து சென்ட் கேட்டுவிட்டு வாயை மூடி நின்றார்களே, அந்த ஒழுங்குக்கு முன்னால் ஷெரீப் கையைப் பிசைந்தார். லெ மார்ஸில் ஒரு ஜட்ஜின் கழுத்தில் கயிறு போட்டதும் பட்டாளத்துக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒரு ஜட்ஜ் போனால் இன்னொரு ஜட்ஜ் வருவார். சட்டம் அப்படியே இருக்கும். ஸ்தாபனம் இல்லாத கோபம் வைக்கோல் தீ மாதிரி. எரியும்போது உயரமாகத்தான் தெரியும்.

மறக்கப்பட்டவர்கள்

இன்னொரு தவறு, இதைவிடப் பெரியது. இங்கேதான் நம் தோழரின் கேள்விக்கு வருகிறோம்.

1933 மே மாதம் ரூஸ்வெல்ட் சர்க்கார் விவசாய விலையை உயர்த்த ஒரு சட்டம் கொண்டுவந்தது. விளைச்சலைக் குறைத்தால் பணம் தருகிறோம் என்றது. பணம் யார் கையில் போனது? நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையில். தெற்கே பருத்தி விளையும் மாகாணங்களில் பெரிய தோட்ட முதலாளிகள் பணத்தை வாங்கிக்கொண்டார்கள், சாகுபடியைக் குறைத்தார்கள், நிலத்தை வாரத்துக்கு உழுத கறுப்பரையும் ஏழை வெள்ளையரையும் குடிசையோடு வெளியே தள்ளினார்கள். நிலத்தைக் காப்பாற்றும் திட்டம், நிலத்தில் உழைத்தவனை ரோட்டில் நிறுத்தியது!

ஆனால் அவர்களும் சும்மா இருக்கவில்லை. 1934 ஜூலையில் ஆர்க்கன்சா மாகாணத்தில் டைரோன்சா என்ற சின்ன ஊரில், பதினொரு வெள்ளையரும் ஏழு கறுப்பரும் ஒரே இடத்தில் கூடித் தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். நிறவெறி தாண்டவமாடிய பூமியில், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே சங்கத்தில்! நம் சேரியும் ஊரும் ஒரே கொடியின் கீழ் வருவதற்கு நாம் பட்ட பாட்டை நினைத்தால் இது எத்தனை பெரிய காரியம் என்று தெரியும்.

அதே வருஷம் ஜூனில் நெப்ராஸ்காவில் லூப் சிட்டி என்ற ஊரில் கோழிகளின் இறகு பறித்துப் பதனிடும் தொழிற்சாலைப் பெண்கள் கூலிக்காகப் போராடினார்கள். அவர்களுக்காகக் கூட்டம் போட்டுப் பேசப் போனது யார்? காலணா ஏலம் நடத்திய உழவர் கூட்டமும் மதர் புளூரும்தான். அடியாட்கள் புகுந்து அடித்தார்கள். 71 வயதுத் தாயைக் கைது செய்தார்கள். உழவன் நிலத்தை மட்டும் பார்த்திருந்தால், கோழி உரிக்கும் பெண்ணின் கூலிக்காக ஏன் அடி வாங்க வேண்டும்? தனக்கு வந்த ஆபத்தும் அவளுக்கு வந்த ஆபத்தும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று அவனுக்குப் புரிந்திருந்தது.

நிலம் போனது எங்கே?

ஏலத்தை நிறுத்தியது அவகாசம் கொடுத்தது, கடனை ஒழிக்கவில்லை. விளைபொருளின் விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் வியாபாரியிடமே இருந்தது. ஆகவே ஐம்பது வருஷத்தில் அதே நாடகம் மறுபடி நடந்தது. 1970-களில் ஏற்றுமதிக்காக இன்னும் விளைவியுங்கள் என்றார்கள். உழவர்கள் கடன் வாங்கினார்கள். 1980, 1981-ல் பெரிய பாங்குகளின் ஆதார வட்டியே 20 சதவீதத்தைத் தாண்டியது. ஐயோவாவில் 1981-ல் சராசரி 2,147 டாலருக்குப் போன ஒரு ஏக்கர், 1986-ல் 787 டாலருக்கு இறங்கியது. ஈடு வைத்த நிலத்தின் விலை ஈட்டுக் கடனுக்கே காணவில்லை. மறுபடி கோர்ட்டு வாசல், மறுபடி சுத்தியல். 1985-ல் ஐயோவாவில் மறுபடி ஏலத்தை நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. 1986-ல் திவால் சட்டத்தில் குடும்ப விவசாயிகளுக்கென்று தனி அத்தியாயம் சேர்த்தார்கள்.

கடைசிக் கணக்கு என்ன? 1935-ல் அமெரிக்காவில் 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2022 கணக்கெடுப்பில் 19 லட்சம். நிலம் ஆகாயத்துக்குப் பறந்துவிடவில்லை. சிறியவன் கையிலிருந்து பெரியவன் கைக்குப் போயிற்று.

கேள்விக்குப் பதில்

இப்போது நம் தோழருக்கு வருகிறேன். நிலம் யார் கையில் இருந்தால் உங்களுக்கென்ன என்று கேட்டீர்கள்.

என் தகப்பனாரின் ஒன்றேகால் ஏக்கரில் நடவுக்கும் அறுப்புக்கும் வந்த பெண்கள் பத்துப் பேர். அந்த நிலமும் அதை ஒட்டிய நிலங்களும் மனையானபோது அவர்களுக்கு ஒரு காசு நஷ்டஈடு உண்டா? கிடையாது. பத்திரத்தில் அவர்கள் பெயர் இல்லை. நிலம் போனதில் என் தகப்பனாருக்குக் கடனாவது தீர்ந்தது. அவர்களுக்கு வேலை மட்டும் தீர்ந்தது. இன்று அவர்களுடைய பெண்பிள்ளைகள் விடிகாலை வேன் ஏறி ஆலைக்குப் போகிறார்கள். ஒப்பந்தக் கூலி, சொன்ன சம்பளம், கேட்டால் நாளைக்கு வராதே என்கிற வேலை.

ஆலைத் தோழர்களே, உங்கள் கேட் வாசலில் குறைந்த கூலிக்கு வர ஆள் காத்திருக்கிறது என்று மானேஜர் பயமுறுத்துகிறாரே, அந்த ஆள் எங்கிருந்து வருகிறார்? ஏலம் போன நிலத்திலிருந்துதான் வருகிறார். அவரும் வேலை போன அறுவடைக்காரரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அங்கே சுத்தியல் விழுந்தால் இங்கே உங்கள் போனஸ் பேச்சுவார்த்தையில் சத்தம் கேட்கும்.

ஆனால் தோழர் கேட்டதில் இன்னொரு உண்மை இருக்கிறது. விவசாயியின் நிலத்தைக் காப்பாற்ற நாம் நிற்க வேண்டும் என்றால், கூலி உழைப்பாளியின் கூலிக்காக விவசாயியும் நிற்க வேண்டும். அமெரிக்காவில் மட்டுமா மறந்தார்கள்? அதே நெருக்கடிக் காலத்தில் நம் சென்னை மாகாணத்திலும் நெல் விலை விழுந்து விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள். 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபர் முதல் தேதிக்கு முன் வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் முதல் தேதி வரை நின்ற வட்டி ரத்து. அசலைப்போல் இரண்டு மடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் நிலத்திலோ குத்தகையிலோ பாத்தியதை உள்ளவருக்கே அது பொருந்தியது. வெறுங்கையோடு கூலிக்குப் போனவரின் கடன் அதிலே வரவில்லை. அடுத்த சட்டத்துக்கு நாம் போராடும்போது இதை மறக்கலாகாது.

நம் வேலை

ஆகவே தோழர்களே, நான்கு காரியம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று. நோட்டீஸ் வந்த அன்றே சங்கத்துக்குச் சொல்ல வேண்டும். மானம் போகிறது என்று பெட்டியில் பூட்டி வைத்து, ஏலத்துக்கு முதல் நாள் கொண்டுவருகிறார்கள். கடன் அவமானம் அல்ல. விலையைக் கவிழ்த்தவனுக்கு இல்லாத அவமானம் விளைவித்தவனுக்கு எதற்கு? நோட்டீஸைப் படித்தால் வழி தெரியும். பாங்குகள் கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தைக் கைப்பற்ற அதிகாரம் கொடுத்த 2002-ம் வருஷத்து சர்பாசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது. சட்டத்தின் 31-வது பிரிவே அப்படிச் சொல்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு, பிழைப்புக்கு வேண்டிய உழவுக் கருவி, மாடு, விதை நெல் ஆகியவற்றுக்கு ஜப்தியிலிருந்து பாதுகாப்புக் கொடுக்கிறது. இது தெரியாமலே எத்தனை பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்!

இரண்டு. நம்மில் ஒருவரும் ஏலம் கேட்கப் போகக் கூடாது. பினாமியாகக் கேட்பது, தரகு பேசுவது, வெளியூர்க்காரருக்கு நிலத்தைக் காட்டிக் கொடுப்பது எதுவும் கூடாது. வேலைநிறுத்தத்தின்போது கேட்டைத் தாண்டாத மாதிரி இந்தக் கோட்டையும் தாண்டக் கூடாது. கயிறும் வேண்டாம், கம்பும் வேண்டாம். நம் வாய் மூடியிருந்தால் போதும்.

மூன்று. நிலத்தைக் காக்கும் கோரிக்கையும் கூலிக் கோரிக்கையும் ஒரே துண்டுப் பிரசுரத்தில் வர வேண்டும். நாம் யாருடைய நிலத்துக்காக நிற்கிறோமோ அவர் நியாயக் கூலி கொடுக்க ஒப்புக்கொள்ள வேண்டும். கூலி உழைப்பாளியின் கந்துக் கடனும் நிவாரணத்தில் சேர வேண்டும்.

நான்கு. ஏலத்தை நிறுத்துவது அவகாசம்தான். விளைச்சலுக்குக் கட்டுபடியாகும் விலையைச் சட்டமாக்காவிட்டால் கடன் மறுபடி முளைக்கும். 2020-லும் 2021-லும் டில்லி எல்லையில் விவசாயிகள் ஒரு வருஷத்துக்கு மேல் வெயிலிலும் குளிரிலும் உட்கார்ந்து மூன்று சட்டங்களை வாபஸ் வாங்க வைத்தார்கள். தொழிற்சங்கங்கள் அவர்களோடு நின்றன. அங்கே அவர்கள் எழுப்பிய விலைக் கோரிக்கை நம்முடைய கோரிக்கையும்தான்.

தோழர்களே, கேள்வி கேட்ட அந்தத் தோழர் இன்றைக்கும் வந்திருக்கிறார், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய ஊரில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு நோட்டீஸ் வந்திருப்பதாக இன்று சாயங்காலம் அவரேதான் வந்து சொன்னார். அந்த நிலத்தில் அவர் கூலிக்கு அறுத்தவர். கூட்டம் முடிந்ததும் நோட்டீஸை எடுத்து வரச் சொல்லியிருக்கிறோம். ஆலைத் தோழர்கள் ஐந்து பேர், கிராமத்துத் தோழர்கள் ஐந்து பேர் இங்கேயே இருங்கள். கடைசி பஸ்ஸை இன்றைக்கு விட்டுவிடலாம்.